எல்லோர் காதிலும் எல்லோர் குரல்

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வடக்கே கூட்டமாகப் போகும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஓகஸ்ட் மாதம் முக்கியமானது. சிலர் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறார்கள், சிலர் 15ஆம் திகதி மடு மாதாவின் திருநாளுக்கு, வேறு சிலர் ஓடுகிற சந்தோஷத்துக்காகவே. அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. ஆகவே களனிப் பாலத்தைக் கடந்து பேலியகொடையில் ஒன்றுசேர்ந்து, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா என்று பஸ்ஸும் லொறியும் முட்டி மோதும் சாதாரணப் பாதையிலேதான் போயாக வேண்டும். இப்படியொரு பயணத்துக்கு நாள் குறித்ததும் இப்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி, "என்ன செற் வாங்குவது?" என்பதுதான். ஹெல்மெட்டில் பொருத்தும் இன்டர்கொம் எல்லோரிடமும் இருக்க வேண்டும், எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு நல்லது, கூட்டத்தில் உள்ள அத்தனை பேரும் ஒரே இணைப்பில் எந்நேரமும் பேசிக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும் என்பவை மூன்றும் விவாதத்துக்கே இடமில்லாத உண்மைகளாகிவிட்டன. பாதுகாப்பு என்ற பெயரில் சொல்லப்படுவதால் இவற்றை மறுத்துப் பேசுபவர் பொறுப்பற்றவராகத் தெரிகிறார். ஆனால் மூன்றுமே பிழை. அதிலும் மூன்றாவது ஆபத்தான பிழை.

தூரத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் விற்பனை நடப்பதே அந்த எண்ணை வைத்துத்தான். கார்டோ நிறுவனம் 2015இல் பக்ரோக் என்ற செற்றோடு, ஒரு செற்றின் குரலை இன்னொரு செற் வாங்கிக் கடத்தும் மெஷ் முறையை மோட்டார் சைக்கிள்காரர்களிடம் கொண்டுவந்தது. சேனா நிறுவனம் 2018இல் 30கே மூலம் அதே வழிக்கு வந்தது. இரண்டு வண்டிகளுக்கிடையே ஒன்றரை முதல் இரண்டு கிலோமீற்றர், கூட்டம் முழுவதற்கும் எட்டுக் கிலோமீற்றர் என்பது பெட்டியில் அச்சடித்திருக்கும் கணக்கு. நமக்குத் தேவையான தூரம் எவ்வளவு? மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு செக்கனில் 19 மீற்றருக்குச் சற்று அதிகமாக நகரும். முன்னால் போகும் வண்டிக்கும் தனக்கும் இடையில் ஒவ்வொருவரும் இரண்டு செக்கன் இடைவெளி விட்டால், எட்டு வண்டிகள் கொண்ட கூட்டத்தின் முழு நீளம் 270 மீற்றர் அளவில் வரும். பஸ்கள் நடுவில் புகுந்து அது இரட்டித்தாலும் 600 மீற்றரைத் தாண்டாது. எட்டுக்கு மேற்பட்ட வண்டிகள் ஒரே கூட்டமாகப் போகக் கூடாது என்பது வேறு விடயம். அவற்றை இரண்டாகப் பிரித்து அனுப்புவதே முறை. ஆக, 600 மீற்றர் போதுமான இடத்தில் எட்டுக் கிலோமீற்றருக்குக் காசு கொடுக்கிறோம். ஒருவர் நான்கு கிலோமீற்றர் பின்தங்கிவிட்டால் அவருக்குத் தேவை நமது குரல் அல்ல. கூட்டம் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது யாராவது ஒருவர் திரும்பிப் போக வேண்டும்.

பெட்டியில் உள்ள அந்த எண்ணும் வெட்டவெளிக்கு உரியது. புளூடூத்தும் இந்த மெஷ் செற்களும் 2.4 கிகாஹேர்ட்ஸ் வீச்சில் இயங்குகின்றன. அந்த அலையின் நீளம் பன்னிரண்டு சென்ரிமீற்றர் மாத்திரமே. கல்லையும் மண்ணையும் அதனால் ஊடுருவ முடியாது, மலையை வளைந்து போகவும் முடியாது. புத்தளத்திலிருந்து நொச்சியாகமை வரையான நேர்ச்சாலையில் சொன்ன தூரத்தில் பாதியாவது கிடைக்கும். கடுகண்ணாவை ஏற்றத்திலோ, மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவிலோ, ரம்பொடையிலோ நிலைமை வேறு. அங்கே பாதை தன்மேலேயே மடிந்து போகிறது. வானிலிருந்து அளந்தால் நூறு மீற்றர்கூட இல்லாத தூரத்தில் நண்பர் அடுத்த வளைவில் இருப்பார், இடையில் நிற்கும் பாறையில் குரல் அறுந்துவிடும். முன்னால் வருவது கண்ணுக்குத் தெரியாததால் முன்னறிவிப்பு மிக அதிகமாகத் தேவைப்படும் இடமும் அதுதான், செற் கைவிடும் இடமும் அதுதான். நடுவில் ஒரு வண்டி நின்று அலையைக் கடத்தினால் மெஷ் முறையில் குரல் போகும் என்பது சரி. அதற்கு நடுவில் இருப்பவர் சரியான வளைவில், சரியான கணத்தில் இருக்க வேண்டும். அந்தத் தற்செயலை நம்பி யாரும் வளைவில் முந்தப் போகக் கூடாது.

செற் வாங்குபவர்கள் கடைசியில் தெரிந்துகொள்ளும் சங்கதி ஒன்றும் உண்டு. கார்டோவின் மெஷ் சேனாவின் மெஷ்ஷோடு பேசாது. இரண்டையும் இணைக்க வேண்டுமானால் பழைய புளூடூத் வழியாக ஒருவர் பாலமாக நிற்க வேண்டும். முதலாம் குறுக்குத் தெருவில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சீனச் செற்களின் கதை இன்னொன்று. பெட்டியில் ஆறு பேர் என்று போட்டிருக்கும் ஈஜியாஸ் வி6 ரகத்தில் ஆறு செற்களை இணைத்து வைக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் பேசக் கூடியவர்கள் இருவர்தான். எனவே "எல்லோரும் ஒரே இணைப்பில்" என்ற ஆசை நிறைவேற எல்லோரும் ஒரே நிறுவனத்தின் விலைகூடிய செற்றை வாங்கியாக வேண்டும். பக்ரோக் எட்ஜ் 2022இல் வந்தபோது அதன் அமெரிக்க விலை ஏறத்தாழ 390 டொலர். வரியும் இடைத்தரகும் சேராமலே அது நமது காசில் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது.

இந்த விலையைப் பார்த்துச் சிலர் மாற்றுவழி சொல்வார்கள்: வோக்கி டோக்கி. பாவொஃபெங் யூவி-5ஆர் போன்ற கைச்செற்றின் விலை அதில் ஒரு சிறு பங்கு. ஐந்து வொட் சக்தி, 136 முதல் 174 மெகாஹேர்ட்ஸ் வரையும் 400க்கு மேலும் பேசலாம், இரண்டு மீற்றர் அலைநீளம் என்பதால் மலையோரத்தில் 2.4 கிகாஹேர்ட்ஸைவிட நன்றாகவே எட்டும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி இத்தகைய கருவியை வைத்திருக்கவும் இயக்கவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இதை வெறும் காகிதச் சட்டம் என்று தள்ளிவிட முடியாது. கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் ஆபத்தில் அழைக்கும் 16ஆம் இலக்க அலைவரிசை 156.8 மெகாஹேர்ட்ஸில் இருக்கிறது. அது இந்தச் செற்றின் வீச்சுக்குள்ளேயே வருகிறது. கொட்டாஞ்சேனை துறைமுகத்தின் தோளில் இருக்கும் ஊர். அங்கே நின்று ஐந்து வொட்டில் எண்களைத் திருகிப் பார்ப்பவர் யாருடைய கூப்பாட்டின் மேல் ஏறிப் பேசுகிறார் என்பது அவருக்கே தெரியாது.

இன்னொரு காரணத்தை நாம் வெளிப்படையாகவே பேச வேண்டும். தொண்ணூறுகளில் ட்ரை பற்றறிகூட வடக்குக்குக் கொண்டுபோக முடியாத பொருளாக இருந்தது. ஏ-9 பாதை 2006 ஓகஸ்ட்டில் மூடப்பட்டு, யுத்தம் முடிந்த பிறகே மீண்டும் திறந்தது. 2007 ஜூன் மாதத்தில் வெள்ளவத்தை லொட்ஜ்களிலிருந்து தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள், உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. 2019 ஏப்ரல் 21 கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் குண்டுவெடிப்புக்குப் பிறகு கொட்டாஞ்சேனைத் தெருக்களில் மறுபடியும் பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. இந்த வரலாறு உள்ள நாட்டில், வடக்கே போகும் தமிழ் இளைஞர்களின் இடுப்பில் அனுமதியற்ற வயர்லெஸ் செற்களைச் செருகிவிட்டு அதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்வது எப்படி? "இப்போது யாரும் பிடிப்பதில்லை" என்பார்கள். பிடிக்கும் நாளில் விளக்கம் சொல்லப் போவது அறிவுரை சொன்னவர் அல்ல.

சட்டமும் விலையும் தூரமும் ஒருபுறம் இருக்கட்டும். செற் இலவசமாகக் கிடைத்து, அனுமதியும் கிடைத்து, குரல் மலையைத் துளைத்துப் போனாலும், எல்லோரும் எந்நேரமும் பேசும் இணைப்பை நான் எதிர்ப்பேன். இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள், அவர்களில் மிகப் பெரிய பிரிவினர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். விபத்து எப்படி நடக்கிறது என்பதை அமெரிக்காவில் ஹரி ஹேர்ட் என்ற ஆய்வாளரின் குழு தொள்ளாயிரம் விபத்து இடங்களுக்கு நேரில் போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை தந்தது. அதில் நாம் மனத்தில் வைக்க வேண்டிய முடிவு ஒன்று: ஆபத்து தொடங்கும் கணத்திலிருந்து மோதும் கணம் வரை ஓட்டுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு செக்கனுக்கும் குறைவு. மணிக்கு 70 கிலோமீற்றரில் அது நாற்பது மீற்றர்கூட இல்லை. "பஸ் வருது, கவனம்" என்று ஒருவர் சொல்லி முடிக்கவே ஒரு செக்கன் போய்விடும், கேட்பவர் அது தனக்கா மற்றவருக்கா என்று விளங்கிக்கொள்ள இன்னொரு செக்கன். அந்த இரண்டு செக்கனில் உயிரைக் காப்பவை ஏற்கெனவே பாதையில் இருக்கும் கண்ணும் பிரேக்கில் இருக்கும் விரலும். அவை தயாராக இருக்கின்றனவா என்பதைத் தீர்மானிப்பது மூளை அந்த நேரத்தில் எதில் ஈடுபட்டிருக்கிறது என்பதே.

இங்கேதான் பேச்சு குறுக்கே வருகிறது. யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2001 முதல் செய்த ஆய்வுகள், கையில் போனைப் பிடிக்காமல் பேசினாலும் ஓட்டுநரின் கவனம் அதே அளவு குறைகிறது என்று காட்டின. கை வெறுமையாக இருப்பது போதாது, பேச்சைத் தொடர்வதற்கான சிந்தனையே பார்வையைத் தின்கிறது. இதற்கு ஒரு மறுமொழி தயாராக இருக்கும்: போனில் பேசுபவர் வீட்டில் இருக்கிறார், நாமோ ஒரே பாதையில் போகிறோம், பக்கத்து இருக்கையில் இருப்பவர் பேசுவது போலத்தான் இது. நல்ல வாதம், ஆனால் அதே குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதிலைத் தருகிறது. வண்டி ஓட்டுவதைப் பாவனை செய்யும் கருவியில் ஓட்டியவர்களிடம் குறிப்பிட்ட ஓர் இடத்தில் பாதையைவிட்டுத் திரும்பும்படி சொல்லியிருந்தார்கள். போனில் பேசியபடி ஓட்டியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்தத் திருப்பத்தைத் தவறவிட்டார்கள்; பக்கத்தில் இருப்பவரோடு பேசியவர்களில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். காரணம், பக்கத்தில் இருப்பவருக்கும் கண்ணாடிக்கு வெளியே நடப்பது தெரிகிறது. நெரிசல் வந்தால் அவர் தானாகவே வாயை மூடுகிறார், சில சமயம் "அங்கே பார்" என்கிறார். இன்டர்கொமில் பேசும் நண்பருக்கு அது தெரியுமா? அவர் உங்களுக்கு முன்னால் 300 மீற்றரில் வெறும் பாதையில் போய்க்கொண்டிருக்கிறார். நீங்கள் சிலாபத்துச் சந்தையடியில் ஒரு முச்சக்கர வண்டிக்கும் லொறிக்கும் இடையில் அகப்பட்டிருக்கிறீர்கள். அவர் கதையை நிறுத்த எந்தக் காரணமும் அவர் கண்ணில் படவில்லை. ஒரே பாதை என்பதால் ஒரே காட்சி என்று ஆகிவிடாது.

ஒருவருக்கு ஒருவர் பேசும்போதே இப்படி என்றால், எட்டுப் பேர் ஒரே இணைப்பில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. முன்னால் போகிறவர் "இடப்பக்கம் மாடு" என்கிறார், மூன்றாமவர் "ரீ குடிக்க நிற்போமா" என்கிறார், ஐந்தாமவர் யாரென்று தெரியாமல் சிரிக்கிறார். மாடு பற்றிய செய்தி அந்தச் சத்தத்துக்குள் போய்விடுகிறது. ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் வேறு. மணிக்கு நூறு கிலோமீற்றரில் அது 90 டெசிபலைத் தாண்டும். அதற்கு மேலே கேட்க வேண்டும் என்பதற்காகச் சத்தத்தைக் கூட்டுகிறார்கள், கூட்டக் கூட்டப் பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்ன் மங்குகிறது. புதிய செற்கள் இரைச்சலை வடிகட்டித் தெளிவான குரலைத் தருகின்றன என்பது உண்மை. தெளிவான குரல் பேச்சைச் சுகமாக்கும், சுகமான பேச்சு நீண்டுகொண்டே போகும். கருவி எவ்வளவு திருந்துகிறதோ, என் ஆட்சேபம் அவ்வளவு வலுக்கிறது.

அப்படியானால் செற்றே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும். இரண்டு வண்டிகளுக்கு. முன்னால் போகும் லீட் ஒருவர், கடைசியில் வரும் ஸ்வீப் ஒருவர். இவர்கள் இருவரும் ஒரே ரகச் செற்றை வைத்திருந்தால் மெஷ் தேவையில்லை, சாதாரண புளூடூத்தே போதும். இருவருக்கும் இடையில் சொல்ல வேண்டியவை சில வார்த்தைகள்: எல்லோரும் வந்தாச்சு, ஒருவர் நின்றுவிட்டார், எண்ணெய் அடிக்க வேண்டும், பின்னால் அம்புலன்ஸ் வருகிறது. மற்ற நேரமெல்லாம் மௌனம். கொழும்புக் கூட்டங்களில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்தே போகிறார்கள். அந்த நான்கைந்து சொற்கள் எந்த மொழியில் என்பதைப் பேலியகொடையிலேயே தீர்த்துக்கொள்வதும் நல்லது, வளைவில் தொங்கும்போது மொழிபெயர்க்க நேரமிருக்காது. புதிதாக ஓட்டப் பழகுபவர் ஒருவர் வந்தால், அவருக்கும் அவருக்குப் பின்னால் போகும் அனுபவசாலிக்கும் தனியாக ஒரு சோடி கொடுக்கலாம். "கியரைக் குறை, வளைவின் முடிவைப் பார்" என்று அமைதியாகச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அங்கே பேசுபவர் கற்பவரின் முதுகையே பார்த்துக்கொண்டு போகிறார், அதனால் எப்போது பேசக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும்.

இதற்கு மேல் எழும் ஆட்சேபங்களில் கனமானது, நடுவில் போகும் ஒருவர் விழுந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்பது. பற்றறி இல்லாமலே இதற்கு வழி இருக்கிறது, பழைய ஓட்டுநர்கள் அதைக் கைவிட்டதும் இல்லை. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருபவருக்குப் பொறுப்பு. சைட் கண்ணாடியில் அவருடைய முன்விளக்கு தெரியவில்லையென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அப்போதும் தெரியவில்லையென்றால் ஓரமாக நிறுத்த வேண்டும். இவர் நிறுத்தினால் இவருக்கு முன்னால் போகிறவரின் கண்ணாடியிலும் வெளிச்சம் மறையும். இப்படியே ஒன்றிரண்டு நிமிடத்தில் கூட்டம் முழுவதும் நின்றுவிடும். விழுந்தவரிடம் ஸ்வீப் வந்து சேர்வார். இன்டர்கொமோ விழுந்த வேகத்தில் ஹெல்மெட்டிலிருந்து கழன்றும் போகலாம், விழுந்தவர் பேச முடியாத நிலையிலும் இருக்கலாம். இதைவிட மோசம், எல்லோரும் இணைப்பில் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் யாரும் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. ஒருவருடைய குரல் பத்து நிமிடம் கேட்காவிட்டால் பற்றறி முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பொலிசும் இராணுவமும் வயர்லெஸ்ஸில்தானே கூட்டமாகப் போகின்றன, 2004 சுனாமியின்போது அம்பாந்தோட்டையிலிருந்து செய்தி அனுப்பியவர்கள் அமெச்சூர் வானொலிக்காரர்கள்தானே என்றும் கேட்பார்கள். ஆம். அவர்கள் பரீட்சை எழுதி அனுமதி பெற்றவர்கள், அல்லது பயிற்சியில் பழக்கப்பட்டவர்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்பார்கள். அழைத்தவர் தன் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவார். தேவையில்லாமல் யாரும் பொத்தானை அழுத்துவதில்லை. வானொலியைப் பயன்படுத்தி உயிர்காத்த ஒவ்வோர் உதாரணத்திலும் நமக்குத் தெரிவது கட்டுப்பாடுதான். பொத்தான் அழுத்தாமலே எல்லோரும் எந்நேரமும் பேசலாம் என்று விற்கப்படும் செற்கள் அந்தக் கட்டுப்பாட்டைத்தான் முதலில் கழற்றி எறிகின்றன.

நீண்ட பாதையில் தூக்கம் வராமல் இருக்கப் பேச்சு உதவும் என்ற வாதத்தை நான் ஏற்கவே மாட்டேன். கண் சொக்குபவர் பேசிக்கொண்டிருந்தால் தூக்கம் போவதில்லை, தூக்கம் வருவது மற்றவர்களுக்குத் தெரியாமல் போகிறது. அவருக்கு வேண்டியது புத்தளத்தில் ஒரு தேநீரும் அரைமணி நேர நிழலும்.

மிகுந்த மனவருத்தத்தைத் தருவது, எல்லோரிடமும் செற் இருக்க வேண்டும் என்ற கருத்து கூட்டங்களை எப்படி மாற்றுகிறது என்பதுதான். "செற் இல்லாவிட்டால் ரைட்டுக்கு வராதே" என்ற நிபந்தனை இப்போது சர்வசாதாரணமாகக் காதில் விழுகிறது. பிக்மீயில் சாப்பாடு விநியோகித்துவிட்டு மாதத்துக்கு ஒருமுறை பழைய சீற்றி 100இல் நண்பர்களோடு போக ஆசைப்படும் பையனை அது வெளியே நிறுத்துகிறது, அல்லது கடன் வாங்க வைக்கிறது. அவனுடைய பின் ரயரில் கோடு அழிந்திருக்கும், ஹெல்மெட்டின் கண்ணாடி கீறலால் மங்கியிருக்கும். லட்சம் ரூபாவில் பத்தில் ஒரு பங்கு போதும், பஞ்சிகாவத்தையில் பிரேக் கட்டைகளும் சங்கிலியும் மாற்றிக்கொள்ள. நல்ல ஹெல்மெட்டுக்கும் ரயருக்கும் போக மீதியிருந்தால் அதன் பிறகு செற்றைப் பற்றி யோசிக்கலாம். அவனிடம் செற் இல்லாததால் கூட்டத்துக்கு ஆபத்து என்று சொல்பவர்கள், அவனுடைய ரயரை ஒருமுறையாவது குனிந்து பார்த்தார்களா?

அடுத்த பயணத்துக்குத் திட்டம் போடும்போது "என்ன செற்" என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய வேறு கேள்விகள் இருக்கின்றன. லீட் யார், ஸ்வீப் யார், புதியவருக்குப் பின்னால் யார், எந்தெந்தச் சந்தியில் நின்று காத்திருப்பது. பாதை பிரியும் இடத்தில் லீடுக்கு அடுத்த வண்டி ஓரமாக நின்று, பின்னால் வருபவர்களுக்குத் திசை காட்டி, ஸ்வீப் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வது என்ற ஓர் ஒழுங்கை எல்லோரும் ஏற்றுக்கொண்டால், மதவாச்சியில் மடுவுக்குப் போகிறவர்கள் மன்னார்ப் பாதையில் இடப்பக்கம் திரும்பவும், நல்லூருக்குப் போகிறவர்கள் நேரே வவுனியாவுக்குப் போகவும் ஒரு வார்த்தைகூடத் தேவைப்படாது.